விளம்பரத்துக்கு இடம் கொடுத்தவரும் எதிர்வாதி ஆவாரா?

உங்கள் தளத்தில் விளம்பரம் செய்த நிறுவனம் வேறொருவரின் வணிகச்சின்னத்தைப் பயன்படுத்தியதால், உங்கள் மீதும் வழக்குத் தொடுப்போம் என்று நோட்டீஸ் வந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இடம் கொடுத்ததாலேயே பொறுப்பு வந்துவிடாது; மீறலைக் குறிப்பாக அறிந்த பிறகும் தொடர்ந்து இடமளித்தீர்களா என்பதே பெரும்பாலும் கேள்வி. நகை நிறுவனமான டிஃபனி, இணையச் சந்தையான ஈபே மீது தொடுத்த வழக்கில் 2010இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், தளத்தில் போலிகள் விற்கப்படுகின்றன என்ற பொதுவான அறிவு போதாது, எந்த விற்பனைப் பதிவு போலி என்பது தெரிந்திருக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஆனால், நோட்டீஸ் அந்த விளம்பரத்தையே சுட்டுகிறது என்றால், இனி ‘தெரியாது’ என்ற வாதம் எடுபடாது. வாசகத்தை நீங்களே எழுதிக் கொடுத்திருந்தால் நிலைமை இன்னும் சிக்கல்தான். விளம்பரத்தை இன்றே நிறுத்தி, அதன் ஸ்கிரீன்ஷாட்டையும் கட்டண ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். ஒப்பந்தத்தில் இழப்பீட்டு ஷரத்து இருந்தால், செலவை விளம்பரதாரரிடம் கோர வழியுண்டு; வழக்கறிஞரிடம் காட்டாமல் பதில் அனுப்ப வேண்டாம்.