பக்கவாதம் வந்து நாலு மாதம் ஆன அப்பா (தண்டையார்பேட்டை), கை கால் தேறியும் அசதி என்று படுத்தே கிடக்கிறார். அசதியை அளக்க முடியுமா?

முடியும். ஆனால் ஸ்கேன் காட்டாது, அவரைத்தான் கேட்க வேண்டும். பரவலாகப் பயன்படுவது 1989-ல் வெளிவந்த ‘ஃபெட்டீக் செவரிட்டி ஸ்கேல்’ என்ற, அசதி எவ்வளவு கடுமை என்று அளக்கும் கேள்வித்தாள். 9 வாக்கியங்கள், கடந்த ஒரு வாரத்தை நினைத்து ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண். சராசரி 4 அல்லது அதற்கு மேல் என்றால் கவனிக்க வேண்டிய அசதி என்று பொதுவாகக் கொள்வார்கள்.

இது பக்கவாதத்துக்கென்றே உருவானதல்ல. அதனால் கால் இழுப்பவர் அந்தப் பலவீனத்தை நினைத்தே 7 போட்டுவிடலாம். “ஒரே டயர்டா கீதுப்பா” என்பார். கால் வரவில்லையா, தூக்கமா, மனசே ஓடவில்லையா என்று பிரித்துக் கேளுங்கள். காசிமேடு வரை நடந்து திரும்பியவருக்கு வரும் களைப்பு படுத்தால் போய்விடும். இந்த அசதி தூங்கி எழுந்தாலும் போகாது, டிவி பார்த்தாலே வரும். தயவுசெய்து சோம்பேறித்தனம் என்று சொல்லிவிடாதீர்கள்.

பேச்சு தடைப்பட்டிருந்தால் 0 முதல் 10 வரை ஒரு கோடு வரைந்து விரலால் காட்டச் சொல்லலாம். காலை, மதியம், இரவு என ஒரு வாரம் நோட்டில் குறித்து டாக்டரிடம் காட்டுங்கள். ரத்தசோகை, தைராய்டு, மனச்சோர்வு, குறட்டையோடு வரும் மூச்சுத்தடை, மாத்திரைகள் எல்லாவற்றையும் அவர் பார்க்க வேண்டும்.