சனி காலை வெளிக்கிட்டு சனி இரவே ரொறன்ரோவா?

கேள்வி: ரீச்சர், 72 வயதான என் அம்மா ஜூலையில் தம்பியிடம் கனடாவுக்குத் தனியப் போகிறா. டுபாயில் மாறவேண்டும். ரிக்கெற்றில் சனி காலை 10.00 கட்டுநாயக்கா, அதே சனி இரவு 10.30 ரொறன்ரோ என்று இருக்கிறது. அப்படியென்றால் பன்னிரண்டரை மணித்தியாலம்தானே? பக்கத்து வீட்டு அக்கா ஒரு நாள் முழுக்கப் போகும் என்கிறா. உண்மையில் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்?
வாசகி, சாவகச்சேரி

பதில்: அக்கா சொல்வது கிட்டத்தட்டச் சரி, தங்கச்சி. ரிக்கெற்றில் போடுவது அந்தந்த ஊர் நேரம். ஜூலையில் ரொறன்ரோ எங்களைவிட ஒன்பதரை மணித்தியாலம் பின்னுக்கு நிற்கும், குளிர்காலத்தில் பத்தரை. அம்மா அங்கே இறங்கும்போது சாவகச்சேரியில் ஞாயிறு காலை 8 மணி. ஆக 22 மணித்தியாலம். டுபாய்க்கு ஏறக்குறைய நாலரை, அங்கே காத்திருக்க மூன்றரை, அப்புறம் ஒரே பறப்பாகப் பதினான்கு.

தூரத்தைப் பார்க்கப் பள்ளிக்கூடத்துப் பூகோள உருண்டையில் ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து நூல் மேற்கே போகாது. வடக்கே ஏறி, இந்தியா, ரஷ்யா, கிறீன்லாந்து என்று வளைந்து ரொறன்ரோவில் இறங்கும். ஏறக்குறைய 13,700 கிலோமீற்றர். பூமியில் எந்த இரண்டு இடத்துக்கும் இடையே 20,000 கிலோமீற்றருக்கு மேல் வராது என்பதை நினைத்தால் இது எவ்வளவு பெரிய தூரம் என்று விளங்கும். கட்டுநாயக்காவிலிருந்து 14,000. டுபாயைத் தொட்டுப் போனால் 14,400 அளவில் வரும். சுவரில் தொங்கும் தட்டைப் படத்தைப் பார்த்து டுபாய் பெரிய சுற்று என்று பலர் நினைக்கிறார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குத் தெருவால் போகும் தூரமளவுதான் கூடுகிறது.

திரும்பி வரும்போது ரொறன்ரோவிலிருந்து டுபாய்க்கு ஒரு மணித்தியாலமாவது குறையும். உயரத்தில் மேற்கிலிருந்து வீசும் பலத்த காற்று அப்போது பின்னாலிருந்து தள்ளும்.

ஆனால் எனக்குக் கவலை அந்த 22 அல்ல. காலை 7 மணிக்கே விமான நிலையத்தில் நிற்கவேண்டும். வெள்ளி இரவு 8 மணி பஸ்ஸில் ஏற்றினால், ரொறன்ரோவில் தரையிறங்கும்வரை 36 மணித்தியாலம். 72 வயது உடம்புக்கு இதுதான் கணக்கு. வியாழனே கூட்டிப்போய், நீர்கொழும்புப் பக்கம் சொந்தக்காரர் வீட்டில் வெள்ளி இரவு படுக்க விடுங்கள். பலாலியிலிருந்து சென்னை போய் ஏறலாமே என்று யாராவது சொல்வார்கள். தனித்தனி ரிக்கெற் என்றால் இந்திய விசா வேண்டும், பொதிகளை எடுத்து மறுபடி போடவேண்டும். தனியப் போகிற அம்மாவுக்கு அது வேண்டாம்.

சக்கர நாற்காலி உதவியை இப்போதே விமான நிறுவனத்திடம் பதிந்துவிடுங்கள், காசு கேட்கமாட்டார்கள். நடைபாதையோரக் கதிரை எடுங்கள். அந்தப் பதினான்கு மணித்தியாலத்தில் அவ அடிக்கடி எழும்பி நடக்கவேண்டும், தண்ணீர் குடிக்கவேண்டும். அசையாமல் இருந்தால் காலில் இரத்தம் உறையும் ஆபத்து உண்டு. மருந்தும் டொக்டர் எழுதிக்கொடுத்த துண்டும் கைப்பையில் இருக்கட்டும். கைக்கடிகாரத்தை மாற்றாமல் எங்கள் நேரத்திலேயே விட்டால் குளிசை நேரம் குழம்பாது. இன்சுலின் போடுகிறவ என்றால் மட்டும் டொக்டரிடம் கேட்டு, வழிக்கான நேரங்களைத் தமிழில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.