பட்டுக் கூட்டுப்புழுத் தூள் ஏன் நாறுகிறது? மனிதர் சாப்பிட விற்கலாமா?

கேள்வி: தர்மபுரி பக்கம் சின்னதாக ரீலிங் யூனிட் வைத்திருக்கிறோம். நூல் எடுத்தபின் மிஞ்சும் கூட்டுப்புழுவை ஈரத்தோடு அடிமாட்டு விலைக்கு அள்ளிக்கொண்டு போகிறார்கள். நாங்களே வெயிலில் காயவைத்து அரைத்துப் பார்த்தோம். பத்தே நாளில் நாற்றம். கோழிக்குப் போட்டோம், முட்டையிலும் வாடை. வெளிநாட்டில் பூச்சி மாவில் பிஸ்கட் செய்கிறார்களாம். நாங்களும் புரதத்தூளாக விற்க முடியுமா?

பதில்: வணக்கம் அம்மா. உங்கள் தூள் அரைத்த பிறகு கெடவில்லை, ரீலிங் தொட்டியிலேயே கெட ஆரம்பித்துவிட்டது. நூல் தீர்ந்து அடியில் விழுந்த புழு வெதுவெதுப்பான நீரில் மணிக்கணக்கில் ஊறுகிறது. கிருமி பெருக அதைவிடத் தோதான இடம் கிடையாது. சாயங்காலம் மொத்தமாக அள்ளி, மறுநாள் காலையில் பரப்பினால் பாதிக் காரியம் கெட்டுவிட்டது என்றே வையுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வலைக்கரண்டியால் அள்ளி, நல்ல தண்ணீரில் அலசி, ஐந்து நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்டு, வடித்த கையோடு உலர்த்தப் போடுங்கள்.

வெயிலில் தரையில் பரப்பாதீர்கள். ஈ மொய்க்கும், மண் ஒட்டும். அதைவிட, வெளிச்சமும் காற்றும் பட்டால் புழுவின் எண்ணெய் சிக்குப் பிடித்துவிடும். காய்ந்த கூட்டுப்புழுவில் புரதம் 50 முதல் 60 சதவீதம், எண்ணெய் 25 முதல் 30 சதவீதம். அந்த எண்ணெயில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, ஆளிவிதையில் இருக்கிற அதே ஒமேகா-3 கொழுப்பு. உடம்புக்கு நல்லது, ஆனால் சீக்கிரம் சிக்குப் பிடிக்கும். உங்கள் முட்டையில் வந்த வாடைக்கு மூலம் இதுதான்.

கம்பிவலைத் தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி, சூடான காற்று ஓடும் உலர்த்தியில் 60 முதல் 65 டிகிரியில் காயவையுங்கள். காய்ந்ததா என்று பார்க்க ஒரு புழுவை எடுத்து நகத்தால் கிள்ளுங்கள். மொடுக்கென்று இரண்டாக உடைந்து, உள்ளே உதிரியாக இருந்தால் சரி. நடுவில் மஞ்சளாகப் பசை மாதிரி ஒட்டினால் திரும்பத் தட்டில் போடுங்கள். அதை அரைத்தால் தூள் கட்டிபிடித்துப் பூஞ்சை வரும்.

கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். 100 கிலோ பச்சைக் கூட்டில் பட்டு ஓடு 20 கிலோ போனால் மீதி புழு. அதில் முக்கால்வாசி தண்ணீர். ஆக, காய்ந்து கைக்கு வருவது 20 கிலோ அளவுதான். இந்தக் கணக்கைப் போடாமல் மெஷின் வாங்கிக் கடனில் மாட்டியவர்களைப் பார்த்த வேதனையில் சொல்கிறேன்.

அடுத்தது எண்ணெய் பிரிப்பது. எண்ணெய் பிழியும் எக்ஸ்பெல்லர் மெஷினில் கொடுத்தாலே பெரும்பங்கு எண்ணெய் இறங்கிவிடும். மிஞ்சும் புண்ணாக்கில் புரதம் 70 சதவீதத்தை எட்டும், நாளும் தாங்கும். எண்ணெயைக் கரைத்தெடுக்கும் ஹெக்ஸேன் திரவத்தை ஊற்றி எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் வீட்டில் முயலவே வேண்டாம், அதன் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும். எண்ணெய் எடுத்த தூளை முட்டைக்கோழித் தீவனத்தில் 100 கிலோவுக்கு 5 கிலோ வரை, கருவாட்டுத் தூளுக்குப் பதிலாகச் சேருங்கள். மீன் குட்டைக்காரர்களும் வாங்குவார்கள். ஆய்வகச் சீட்டில் வரும் புரத அளவை மட்டும் அப்படியே நம்பிவிடாதீர்கள். நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்கித்தான் புரதம் என்று எழுதுகிறார்கள். புழுத்தோலில் உள்ள கைட்டினிலும் நைட்ரஜன் உண்டு, அதனால் உண்மையான புரதம் சீட்டில் இருப்பதைவிடக் கொஞ்சம் குறைவு.

இனி மனித உணவு. பூச்சி தின்பது நமக்குப் புதிதல்ல. முதல் மழைக்குக் கிளம்பும் ஈசலைப் பிடித்து, இறகு புடைத்து, அரிசியோடு வறுத்துத் தின்ற வாய்தான் என்னுடையதும். அசாமில் ‘எரி’ என்ற வகைப் பட்டுப்புழுவைச் சமைத்து விரும்பிச் சாப்பிடுகிறார்கள். கொரியாவில் நம்முடைய மல்பெரிக் கூட்டுப்புழுவையே பொண்டேகி என்று டப்பாவில் அடைத்து விற்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2021-இல் உலர்ந்த மாவுப்புழுவுக்கு அனுமதி கொடுத்தது, சிங்கப்பூர் 2024-இல் 16 வகைப் பூச்சிகளுக்குக் கொடுத்தது. உங்கள் ஆசையில் தவறே இல்லை.

ஆனாலும் இப்போது உங்களிடம் இருக்கும் புழுவை மனிதருக்கு விற்காதீர்கள். ரீலிங்குக்கு வரும் கூடு பத்து வீட்டுக் கூடு. யார் மல்பெரிக்கு என்ன மருந்து அடித்தார், புழு வளர்க்கும் படுக்கையில் என்ன கிருமிநாசினித் தூள் தூவினார் என்று உங்களுக்குத் தெரியாது. பட்டுப்புழுவைத் தாக்கும் ஊசி ஈ துளைத்ததும் உள்ளேயே செத்து அழுகியதும் கலந்தே வரும். உணவுக்கு என்றால் மருந்துக் கணக்கு எழுதிவைத்த ஒரே தோட்டத்துக் கூடு வேண்டும், தனித் தொட்டி வேண்டும். சட்டப்படியும் நினைத்தவுடன் விற்க முடியாது. நம் நாட்டில் இப்படிப்பட்ட புதுவகை உணவுக்கு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்ற மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்திடம் முன் அனுமதி பெற வேண்டும், சாதாரண உணவு உரிமம் போதாது. இன்னொன்று, இறாலும் நண்டும் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இதுவும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம், சிலருக்கு மூச்சுத் திணறல் வரைக்கும் போகும். பாக்கெட்டில் அதை எழுதாமல் விற்பது பாவம்.

முதலில் தீவனத் தூளை நன்றாகச் செய்யப் பழகுங்கள். அடுத்த லாட்டில் 10 கிலோவை மட்டும் நான் சொன்ன மாதிரி செய்து, எண்ணெய் எடுத்தது ஒன்று, எடுக்காதது ஒன்று என்று இரண்டு கண்ணாடிப் பாட்டிலில் இறுக மூடி நிழலில் வையுங்கள். 15 நாள் கழித்து உள்ளங்கையில் கொஞ்சம் போட்டுத் தேய்த்து முகர்ந்து பாருங்கள். எண்ணெய் எடுத்ததிலும் சிக்கு வாடை வந்தால், தொட்டியிலிருந்து அள்ளிய நேரம், காய்ந்து முடித்த நேரம் இரண்டையும் குறித்து எனக்கு எழுதுங்கள்.