பழைய மின்னஞ்சல்களை எத்தனை ஆண்டு வைத்திருப்பது?

கேள்வி: பின்னலாடை ஏற்றுமதி செய்யும் பிரைவேட் லிமிடெட் நிறுவனம் ஒன்றில் நிர்வாகப் பொறுப்பில் இருக்கிறேன். மின்னஞ்சல் சேமிப்பிடம் நிரம்பிவிட்டதால், ஓராண்டுக்கு முற்பட்ட அனைத்தையும் அழித்துவிடச் சொல்கிறார் எங்கள் இயக்குநர். எதையுமே அழிக்கக் கூடாது என்கிறார் கணக்காளர். எதன்படி நடப்பது?
- ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: இருவர் சொல்வதையும் ஏற்க இயலவில்லை. ஒரு கடிதத்தை எத்தனை காலம் வைத்திருப்பது என்பதை, அது தபாலில் வந்ததா மின்னஞ்சலில் வந்ததா என்பதைக் கொண்டு அல்ல, அதனால் என்ன காரியம் நடந்தது என்பதைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும். "இரண்டாவது ஷேடு சரி, உற்பத்தியைத் தொடங்கலாம்" என்று பையர் எழுதும் ஒற்றை வரி, நிறம் மாறிவிட்டது என்று அவரே பின்னர் டெபிட் நோட் (பணத்தைக் கழித்துக்கொள்ளும் அறிவிப்பு) அனுப்பும்போது உங்களிடம் உள்ள ஒரே சான்றாக இருக்கக்கூடும். அதே நாளில் வந்த கூட்ட நேர மாற்ற அறிவிப்பை அடுத்த மாதம் வரை வைத்திருக்கக்கூடத் தேவையில்லை.

பாக்சைட் விற்பனை குறித்த டிரைமெக்ஸ் - வேதாந்தா வழக்கில், முறையான ஒப்பந்தம் கையெழுத்தாகாதபோதும் மின்னஞ்சல்கள் வழியாகவே ஒப்பந்தம் முடிவாகிவிட்டதாக உச்ச நீதிமன்றம் 2010-இல் தீர்ப்பளித்தது. பையரோடு ஆர்டர் விவரங்களைப் பேசி நடத்தும் உங்கள் மெர்ச்சண்டைசரின் இன்பாக்ஸில் கிடப்பவற்றுள் எத்தனையோ இத்தகையவை. அவர் வேலையை விட்டுச் சென்றதும் அந்தக் கணக்கை மூடிவிடுவதுதான் பல நிறுவனங்களில் நடக்கும் பெரும் இழப்பு என்பதால், இதை முதலில் நிறுத்துங்கள்.

வகைப்படுத்துவதை ஆர்டரிலிருந்து தொடங்குவது உங்கள் தொழிலுக்குப் பொருந்தும். ஒவ்வோர் ஆர்டருக்கும் பொதுச் சேமிப்பில் ஒரு கோப்பு வைத்து, விலைப் பேச்சு, சாம்பிள் ஒப்புதல், ஷிப்மெண்ட், பணம் வரவு ஆகியவை தொடர்பான மின்னஞ்சல்களை அதில் சேர்க்கச் செய்யுங்கள். பணியாளர், வங்கி, வரி ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கோப்புகள் போதும். வகைகள் கூடக் கூட, எதில் போடுவது என்று தெரியாமல் யாரும் எதிலும் போடமாட்டார்கள். இயக்குநர் போன்ற முடிவெடுக்கும் நிலையில் உள்ளவர்களின் மின்னஞ்சல் கணக்குகளை, கடிதம் கடிதமாகப் பிரிக்காமல் முழுமையாகவே பாதுகாக்கலாம். அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகம் 2013 முதல் அரசுத் துறைகளுக்கு இந்த வழியை அனுமதித்துள்ளது.

கம்பெனிகள் சட்டத்தின் 128-ஆம் பிரிவு கணக்குப் புத்தகங்களையும் அவற்றுக்கான வவுச்சர்களையும் குறைந்தது 8 நிதியாண்டுகளுக்கு வைத்திருக்கச் சொல்கிறது. ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள். ஒப்பந்த வழக்குகளுக்கான காலவரம்பு பொதுவாக 3 ஆண்டுகள் என்றாலும், ஆர்டர் கடிதங்கள் பில்லுக்கும் ஆதாரமாக நிற்பவை என்பதால், அந்தக் கோப்பு முழுவதையும் 8 ஆண்டுக் கணக்கில் சேர்த்துவிடுவதே என் பரிந்துரை.

அச்செடுத்து ஃபைலில் கோத்துவைத்துவிட்டு மூலத்தை அழிக்காதீர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 7-ஆம் பிரிவின்படி, மின்னணு ஆவணம் எங்கிருந்து எங்கே சென்றது, எந்த நாளில், எந்த நேரத்தில் என்ற விவரங்களும் அதனுடன் இருக்க வேண்டும். இவை முழுமையாக இருப்பது மூலத்தில்தான். நீதிமன்றத்தில் அதைத் தாக்கல் செய்ய நேர்ந்தால், பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவு கோரும் சான்றிதழில் ஹேஷ் மதிப்பையும் (கோப்பில் சிறிது மாறினாலும் மாறிவிடும் அடையாளக் குறியீடு) குறிப்பிட வேண்டும் என்பதால், இணைப்புகளோடு மாற்றமின்றிச் சேமிப்பது அவசியம்.

காலம் முடிந்தவற்றைத் தயங்காமல் அழியுங்கள். குறிப்பாக, வேலை கேட்டு வந்த பழைய விண்ணப்பங்களிலுள்ள பிறரின் சொந்த விவரங்களைக் காரணமின்றி வைத்திருக்கக் கூடாது. ஆனால் பையரிடமிருந்து ஒரு புகாரோ, வரித்துறையிலிருந்து ஒரு நோட்டீஸோ வந்த அன்றே, அது தொடர்பான கோப்புகளை அழிப்பதை எழுத்து மூலம் நிறுத்திவைத்து, விவகாரம் முழுமையாகத் தீர்ந்த பிறகே மீண்டும் தொடங்குங்கள்.