டஸ்டரை எடுக்கும் முன்: ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியரின் பதில்கள்

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில், அதிலும் பெரும்பாலும் ஈராசிரியர் பள்ளிகளில், 26 ஆண்டுகளாகப் பாடம் நடத்தி வருகிறேன். வகுப்பறை பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த அளவில் விடை எழுதியிருக்கிறேன்.

அண்மையில் பணியில் சேர்ந்த ஆசிரியை, தருமபுரி: கற்பித்தலில் உங்களுக்கென்று ஒரு கொள்கை உண்டா?

ஒன்றே ஒன்று உண்டு. பிள்ளை எழுதிய தவறான விடையை, அது எப்படி வந்தது என்று கேட்காமல் அழிக்கக் கூடாது. ஒரு முறை மூன்றாம் வகுப்பில் 42-இலிருந்து 17-ஐக் கழிக்கச் சொன்னபோது, ஒரு சிறுமி கரும்பலகையில் 35 என்று எழுதினாள். டஸ்டரை எடுக்கப்போன கையை நிறுத்திக்கொண்டு, எப்படி வந்தது என்று கேட்டேன். "ரெண்டுல ஏழு போகாதுல்ல சார், அதான் ஏழுல ரெண்டக் கழிச்சேன்" என்றாள். பெரிய எண்ணிலிருந்துதான் சிறிய எண்ணைக் கழிக்க முடியும் என்று முந்தைய ஆண்டு நான் சொல்லிக்கொடுத்ததை அவள் எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்திருந்தாள். பக்கத்து இலக்கத்தில் கடன் வாங்க வேண்டும் என்று நான் விளக்கத் தொடங்கியதும், பின்னால் உட்கார்ந்திருந்த பையன், "எப்ப சார் திருப்பிக் குடுக்கணும்?" என்றான்.

அவன் கேட்டது நியாயமான கேள்வி என்பதால் கடன் என்ற சொல்லை அன்றோடு விட்டுவிட்டு, ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி எடுத்து வந்தேன். நான்கு கட்டும் இரண்டு குச்சியும் அவள் முன் இருந்தன. ஒரு கட்டை அவிழ்த்ததும் மூன்று கட்டும் பன்னிரண்டு குச்சியும் ஆயின. ஏழு குச்சியையும் ஒரு கட்டையும் எடுத்து வைத்துவிட்டு மீதியை எண்ணியவள், 35-ஐத் தானே அடித்து 25 என்று எழுதினாள். முதலிலேயே நான் அழித்திருந்தால், தன் விடை தவறு என்பது மட்டும் தெரிந்து, அடுத்த கணக்கிலும் அதே வழியில் போயிருப்பாள்.

பெற்றோர், கரூர்: அடியாத மாடு படியாது என்பார்கள். பிரம்பு இல்லாமல் வகுப்பை அடக்க முடியுமா?

2010 ஏப்ரல் முதல் நாளிலிருந்து நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, உடல் தண்டனையை மட்டுமல்லாமல் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. சட்டம் வருவதற்கு முன்பு நானும் அடித்திருக்கிறேன். அடி வாங்கிய பிள்ளை தனக்குத் தெரியாததை மறைக்கக் கற்றுக்கொள்கிறது என்பதைத்தான் அதில் கண்டேன். பிரம்பு இருக்கும் அறையில் 35 என்று துணிந்து எழுத யாரும் வர மாட்டார்கள்.

ஆசிரியர் பயிற்சி மாணவர், விழுப்புரம்: செயல்வழிக் கற்றல் தோல்விதானே?

பிள்ளைகள் பாட அட்டைகளை எடுத்து, ஏணிப்படி போன்ற படத்தைப் பார்த்துத் தம் வேகத்தில் படிப்படியாகக் கற்கும் முறை அது. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பின்னர் மாநிலம் முழுவதும் சென்றது. அட்டைகளும் ஏணிப்படியும் நாளடைவில் பதிவேட்டை நிரப்பும் வேலையாகச் சுருங்கியதை மறுக்கவில்லை. ஆனால், சுவரின் அடிப்பகுதியில் பிள்ளைகளின் உயரத்திற்குப் பூசப்பட்ட கரும்பலகையை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி இடம் இருந்ததால் யார் எங்கே தடுமாறுகிறார்கள் என்பது ஒரு நடையில் தெரிந்துவிடும். எங்கள் பள்ளியில் வெள்ளையடித்தபோது அதையும் சேர்த்துப் பூசிவிட்டார்கள். அந்த வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

தமிழாசிரியர் (ஓய்வு), தஞ்சாவூர்: எல்லாப் பிள்ளைகளும் ஒன்று என்கிறீர்கள். நன்னூலோ மாணாக்கரைத் தலை, இடை, கடை என்றே பிரிக்கிறது.

ஐயா, நான் அப்படி எங்கும் சொல்லவில்லை. நன்னூல் அன்னத்தையும் பசுவையும் தலையில் வைத்து, மண்ணையும் கிளியையும் இடையில் வைத்து, இல்லிக்குடம் (ஓட்டைக் குடம்), ஆடு, எருமை, நெய்யரி (நெய் வடிகட்டி) ஆகியவற்றைக் கடையில் வைக்கிறது. ஆனால் அதே பாயிரம் ஆசிரியராகத் தகாதவர்களுக்கும் நான்கு உவமை சொல்கிறது: கழற்பெய்குடம், மடற்பனை (ஏற முடியாதபடி மட்டை சூழ்ந்த பனை), பருத்திக்குண்டிகை, முடத்தெங்கு (வளைந்து அடுத்தவர் இடத்தில் காய் உதிர்க்கும் தென்னை). போட்ட வரிசை மாறிக் கொட்டும் கழற்சிக்காய்க் குடத்தையும், பஞ்சை அடைத்துவிட்டுச் சிறிது சிறிதாகப் பிய்த்துக் கொடுக்கும் குண்டிகை என்னும் குடுவையையும் ஆசிரியர் கூட்டங்களில் எவரும் எடுத்துக்காட்டி நான் கேட்டதில்லை.

அவரே மீண்டும்: நன்னூல் எழுதிய பவணந்தியாரைக் குறை கூறுவது முறையன்று. தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அடிப்படைக் கணக்கும் எழுத்தும் கற்பிக்கும் உங்கள் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்திலேயே, அவர்கள் கற்ற அளவைப் பொறுத்து அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று தட்டு இருக்கிறதே?

பவணந்தியாரை நான் குறை கூறவில்லை. அவரைப் பாதி மட்டும் படிப்பவர்களைத்தான் கூறினேன். திட்டத்தைப் பற்றிய உங்கள் கேள்வி கூர்மையானது. 2022-இல் அது வந்தபோது எனக்கும் அதே ஐயம் இருந்தது. அரும்பு மொட்டாகும், எருமை அன்னமாகாது என்பதுதான் இரண்டிற்கும் உள்ள வேறுபாடு. ஆயினும் ஆண்டு முழுவதும் ஒரு பிள்ளையை அரும்பிலேயே உட்கார வைத்துவிட்டால் பெயர் அழகாக இருந்து பயனில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆசிரியை, சிவகங்கை: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். மண்ணை இடையில் வைத்தது சரியா? உழுபவரின் உழைப்புக்கு ஏற்ற விளைச்சலைத்தானே அது தருகிறது?

மிகச் சரியாகச் சொன்னீர்கள் அம்மா. நான் பார்த்த பிள்ளைகளில் பெரும்பாலோர் மண்தான். தஞ்சாவூர் ஐயா இதற்கு மறுப்பு எழுதுவார் என்று தெரியும், காத்திருக்கிறேன்.

பெற்றோர், திருப்பூர்: நீட் தேர்வுக்கு எந்த வகுப்பிலிருந்து பயிற்சி தரலாம்?

நான் ஐந்தாம் வகுப்பு வரை நடத்துபவன். மேல்நிலைப் பள்ளியின் உயிரியல் ஆசிரியரைக் கேளுங்கள்.

ஆசிரியர், கடலூர்: ஒன்றிரண்டு அடி கண்டிப்புக்காகக் கூடாதா?

மேலே கரூர்ப் பெற்றோருக்கு எழுதியதைப் படியுங்கள்.

பெற்றோர், நாமக்கல்: ஆசிரியர் அடித்தால்தான் என் மகன் படிப்பான். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

மூன்றாவது முறையாகச் சொல்கிறேன்: கூடாது. இந்தக் கேள்விக்கு இனி விடை எழுத மாட்டேன்.

பெற்றோர், தென்காசி: மகள் வீட்டுக் கணக்கில் எப்போதும் தவறு செய்கிறாள். அழித்துவிட்டு நானே திருத்தி அனுப்புகிறேன். சரிதானே?

தயவுசெய்து அழிக்காமல் அனுப்புங்கள் அம்மா. நீங்கள் திருத்திய நோட்டு வந்தால், நான் பார்ப்பது உங்கள் கணக்காகிவிடுகிறது.