ஏப்ரலில் தொடங்குகிற மழை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி (கிளிநொச்சி): ஒப்படை ஒன்றுக்காக எங்கள் பகுதியின் பல வருட மழைவீழ்ச்சியை பவர் பிஐயில் சலாகை வரைபாகப் போட்டேன். மாதப் பெயர்கள் தமிழில் இருக்கின்றன. மாதப்படி அடுக்கச் சொன்னால் ஏப்ரல் முதலில் வருகிறது, அடுத்து ஒக்டோபர், பிறகு ஓகஸ்ட். என்ன செய்வது?

பதில்: அது மாதம் என்று மென்பொருளுக்குத் தெரியாது, வெறும் எழுத்தாகப் பார்த்து அகர வரிசையில் அடுக்கிவிட்டது. தரவு அட்டவணையில் இன்னொரு நிரல் சேர்த்து ஒவ்வொரு மாதத்துக்கும் ஓர் எண் கொடுங்கள். பிறகு மாதப் பெயர் நிரலைத் தெரிவுசெய்து, மேலே இருக்கும் 'சோர்ட் பை கொலம்' என்பதில் அந்த எண் நிரலைக் காட்டுங்கள். ஒரு மாதத்துக்கு ஒரே எண்தான். எங்காவது ஒரு வரியில் ஒக்டோபருக்கு வேறு எண் விழுந்திருந்தால் பவர் பிஐ ஏற்காது. அதன் பிறகும் வரைபு மாறவில்லையா, வரைபின் மூலையில் உள்ள மூன்று புள்ளியை அழுத்தி மாதப்படி, ஏறுவரிசையில் என்று சொல்லுங்கள்.

சரி, எந்த எண்ணைக் கொடுப்பது? எல்லாரும் ஜனவரிக்கு 1 போடுவார்கள். வன்னி மழைக்கு நான் அப்படிப் போடமாட்டேன். இங்கே பெருமழை ஒக்டோபரில் பிடித்து ஜனவரி வரைக்கும் இழுக்கிறது, காலபோகமும் (பெரும்போக நெற்செய்கை) அதோடுதான் போகிறது. ஜனவரியில் வரைபைத் தொடங்கினால் ஒரே மழையின் தலை வலது ஓரத்திலும் வால் இடது ஓரத்திலும் கிடக்கும், பார்க்கிறவர் இரண்டு மழைக்காலம் என்று நினைப்பார். ஒக்டோபருக்கு 1, செப்டெம்பருக்கு 12 என்று போடுங்கள். ஆனால் ஒன்று, ஆண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் வந்த 2018 டிசம்பரும் அதற்கடுத்த 2019 ஜனவரியும் 2018/19 என்ற ஒரே பருவத்துக்குள் வரட்டும், அதற்கும் ஒரு நிரல் வையுங்கள். மாதத்தை மட்டும் திருப்பிவிட்டு ஆண்டை அப்படியே விட்டால், 2018 டிசம்பருக்குப் பக்கத்தில் 2018 ஜனவரி வந்து நிற்கும், அது முந்தைய பருவத்து மழை.

கேள்வி (முல்லைத்தீவு): பிரதேச செயலர் பிரிவுகளின் நெற்காணி அளவை எக்செலில் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கினேன். கிடைச் சலாகை வரைபில் தலைகீழாக வருகிறது.

பதில்: எக்செல் முதல் நிரையைக் கீழேதான் வைக்கும், அது அப்படித்தான். அட்டவணையைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்குங்கள், பெரியது மேலே வந்துவிடும். இல்லையென்றால் பெயர்கள் இருக்கும் அச்சில் வலது சொடுக்கி, அச்சு அமைப்புக்குள் போய், வரிசையைத் திருப்பும் பெட்டியில் சரி போடலாம். அப்போது கீழே இருந்த எண்கள் மேலே ஏறிவிடும், அதையும் இறக்கிக்கொண்டிருக்க வேண்டும். எனக்கு முதல் வழிதான் பிடிக்கும்.

கேள்வி (வவுனியா, ஆசிரியை): வயதுப் பிரிவுகளை வரைபாக்கும்போது 5-9 என்பது 50 வயதுக்காரர்களோடு போய் நிற்கிறது. சில இடத்தில் திகதியாகவே மாறிவிடுகிறது!

பதில்: திகதியாக மாற்றுவது எக்செலின் பழைய வேலை. தட்டச்சுக்கு முன்பே அந்த நிரலின் வகையை 'டெக்ஸ்ட்' என்று மாற்றுங்கள், அப்புறம் 00-04, 05-09 என்று முன்னால் பூச்சியம் வைத்து எழுதுங்கள். எழுத்தாக அடுக்கினாலும் வயது வரிசை குலையாது. ஏற்கெனவே திகதியாகிவிட்டதை மட்டும் திரும்பத் தட்டச்சுச் செய்யத்தான் வேண்டும், டீச்சர்.