சிங்கப்பூர் – நியூயார்க்: 17 மணி நேரமா, பதினெட்டரையா?

கேள்வி: சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க் ஜே.எஃப்.கே.வுக்கு எவ்வளவு தூரம்? சுமார் 15,300 கி.மீ. என்கிறார்கள். மணிக்கு 900 கி.மீ. வேகம் என்று வகுத்தால் 17 மணி நேரம்தான் வருகிறது. டிக்கெட்டில் ஏன் பதினெட்டரைக்கு மேல் போட்டிருக்கிறது?

உங்கள் கணக்கு சரிதான். ஆனால் அந்த 15,300, உருண்டையின் மேல் நூலை இழுத்துப் பிடித்து அளந்த தூரம். இரண்டு ஊரும் ஏறக்குறைய பூமியின் எதிரெதிர்ப் பக்கத்துத் தீர்க்கரேகைகளில் இருப்பதால், அந்த நூல் வட துருவத்தை ஒட்டிப் போகும். விமானம் அந்த வழியில்தான் போக வேண்டும் என்றில்லை.

நான் போனபோது முன்சீட்டுத் திரையில் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன் (அத்தனை மணி நேரத்துக்கு வேறென்ன செய்வது?). ஜப்பான் பக்கமாக மேலேறி, வட பசிபிக்கைக் கடந்து, கனடா வழியாக இறங்கியது. வழி 16,000 கி.மீ.க்கு மேல் நீண்டுவிடுகிறது. ஆனாலும் அதுதான் லாபம். சுமார் 10 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் ஜெட் காற்று பின்னாலிருந்து தள்ளுகிறது. தரையை வைத்துப் பார்த்தால் வேகம் சில சமயம் மணிக்கு 1,000 கி.மீ.யைத் தாண்டியது. திரும்பும்போது அட்லாண்டிக், ஐரோப்பா வழி. அதாவது போகும்போதும் கிழக்கே, வரும்போதும் கிழக்கே! உலகத்தையே ஒரு சுற்று சுற்றிவிட்டேன். எல்லா நாளும் இதே வழி என்று சொல்ல முடியாது, அன்றன்றைய காற்றைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

அப்புறம், டிக்கெட்டில் இருப்பது, விமானம் இங்கே ஏறும் வாசலை விட்டு நகர்வதிலிருந்து அங்கே இறங்கும் வாசலில் போய் நிற்கும் வரையான நேரம். ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, மெதுவாக ஏறி இறங்குவது எல்லாம் அதில் அடக்கம்.

இந்த நேரடிச் சேவைக்கு சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஓட்டுவது ஏ350-900 யூ.எல்.ஆர்., அதாவது மிக நெடுந்தூரம் பறப்பதற்கான ஏர்பஸ் விமானம். எடையைக் குறைக்க 161 இருக்கைதான், சாதாரண எகானமி வகுப்பே கிடையாது. பிராங்பர்ட்டில் நின்று போகும் விமானம் என்றால் ஏறத்தாழ ஒரு முழு நாள் ஆகிவிடும். கால் நீட்டி நடக்க இடம் கிடைக்கிறதே என்று அதை விரும்புகிறவர்களும் உண்டு. நான் அந்த ரகமில்லை.

தூரத்தைவிடத் தேதியில் கவனமாக இருங்கள். சிங்கப்பூர் கடிகாரம் நியூயார்க்கைவிடக் கோடையில் 12, குளிர்காலத்தில் 13 மணி நேரம் முன்னால் ஓடுகிறது. வெள்ளி நள்ளிரவை ஒட்டிச் சிங்கப்பூரில் ஏறினால் சனி விடியலில் நியூயார்க். ஏதோ ஆறு மணி நேரப் பயணம் போலத் தோன்றும். திரும்பும்போது வெள்ளி இரவு பத்தரைக்கு ஏறினால் இறங்குவது ஞாயிறு விடிகாலை. இதைச் சரியாகச் சொல்லாமல் "வெள்ளி ராத்திரி கிளம்புகிறேன், விடிகாலையில் வந்துவிடுவேன்" என்று தம்பியிடம் சொல்லிவைத்தேன். அவன் சனிக்கிழமை காலை ஐந்து மணிக்கே சாங்கியில் வந்து நின்றான். அப்போது நியூயார்க்கில் வெள்ளி மாலை. நான் இன்னும் பெட்டியே கட்டி முடிக்கவில்லை.